பின் இல்லாத பத்து நிமிஷம்

"பின் வேணாம்ண்ணே! சும்மா உருட்டிப் பாக்கறோம்!"

பௌலிங் லேனின் மறுகோடியைப் பார்த்து ஜான்சி குரல் கொடுத்ததும் வினோதினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆரம்பிச்சிட்டா மகாராணி" என்று இலக்கியாவின் காதைக் கடித்தாள்.

மரக்காணம் தாண்டி ஈ.சி.ஆரில் இருக்கும் ரிசார்ட் அது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பௌலிங் லீக். பேங்க் டீம், இறால் குஞ்சுப் பண்ணை டீம், டீச்சர்கள் டீம். இவர்கள் மூவரும் உப்பு பாக்கெட் கம்பெனி டீம்.

இருப்பது ஒரே லேன். பந்தை உருட்டி, கடைசியில் நிற்கும் பத்து பின்னையும் சாய்க்க வேண்டும். சாய்ந்ததை நிறுத்த மெஷின் எல்லாம் கிடையாது. திரைக்குப் பின்னால் பாவாடை என்று ஒரு ஆள் இருந்து நிறுத்துவார். பந்தையும் அவர்தான் திருப்பி அனுப்புவார்.

ஒவ்வொரு டீமுக்கும் பத்து நிமிஷம் பிராக்டீஸ். அந்தப் பத்து நிமிஷமும் ஜான்சிக்குப் பின் வேண்டாம்.

"பின் நின்னா கண்ணு அதும் மேலயே போவுதாம்க்கா. பின் இல்லன்னாதான் கை படியுமாம்" என்றாள் இலக்கியா.

"அவ கை படிஞ்சா போதுமா? நாம பின்னையே பாக்காம மேட்ச் ஆடணுமா?"

ரெண்டு வருஷம் வினோதினிதான் கேப்டன். ஆறு மாசத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்தவள் ஜான்சி. வந்த முதல் நாளே, ஒரே பந்தில் பத்தும் சாயும் ஸ்ட்ரைக் அடுத்தடுத்து மூணு. மறுமாசமே கேப்டன். கோப்பையோடு எடுத்த போட்டோவை முதலாளி வாட்ஸப் குரூப்பில் போட்டார். நடுவில் ஜான்சி சிரித்துக்கொண்டிருந்தாள். ஓரத்தில் வினோதினியின் முழங்கை மட்டும் விழுந்திருந்தது.

அந்த முழங்கையை எத்தனை தடவை பெரிசு பண்ணிப் பார்த்திருப்பாள்!

"அது கூட பரவால்லடி. பந்தத்தான் அந்தாளே அனுப்புவாரே? பிராக்டீஸ்ல மட்டும் இவ ஏன் உள்ள போய் எடுத்துட்டு வர்றா?"

இப்போதும் ஜான்சி திரைக்குப் பின்னால்தான் இருந்தாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"கண்டிப்பா ரெண்டு பேருக்கும் ஏதோ பேச்சு இருக்குது. இவ உருட்டும்போது மட்டும் பின் விழற மாதிரி நிறுத்தறாரு. கொளுத்தற வெயில்ல மூணு மணி பிராக்டீஸ் ஸ்லாட்ட கெஞ்சி வாங்கினாளே, எதுக்கு? வேற எந்த டீமும் வந்திருக்காது பாரு."

"சீ, அப்படியெல்லாம் இருக்காதுக்கா."

வினோதினிக்கு மனசு ஆறவில்லை. வியாழக்கிழமை ரிசார்ட் மேனேஜர் சரவணகுமாருக்கு போன் போட்டாள்.

"யார் மேலயும் கம்ப்ளெயிண்ட் இல்ல சார். லேனுக்குப் பின்னாடி பிளேயர்ஸ் போகலாமான்னு கேக்கறேன், அவ்ளோதான்."

"போகக் கூடாதே. யார் போறாங்க?"

சொன்னாள்.

அடுத்த ஞாயிறு சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பிராக்டீஸும் பின்னோடுதான். திரைக்குப் பின்னால் யாரும் போகக் கூடாது.

படித்ததும் ஜான்சியின் முகம் விழுந்துவிட்டது. மேனேஜர் ரூமுக்கு ஓடினாள். போன வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

வினோதினிக்கு உச்சி குளிர்ந்தது. பிராக்டீஸில் பந்துக்குப் பந்து ஏழு, எட்டு என்று சாய்த்தாள். ஜான்சி பந்தையே தொடவில்லை. "நீங்க போடுங்க வினோக்கா" என்று சொல்லிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

'இனிமே தெரியும்டி உன் வண்டவாளம்.'

மேட்ச் தொடங்கி அரை மணி நேரம் போயிருக்கும். வினோதினி ஒன்பது பின்னைச் சாய்த்தாள். பந்து திரும்பி வரவில்லை. சாய்ந்த பின்களும் அப்படியே கிடந்தன.

"யோவ், தூங்கறியா?" என்று கத்தினாள். திரை அசையவில்லை.

ஜான்சி பதறி எழுந்தாள். "நீ இரு" என்று அவளைத் தடுத்துவிட்டு வினோதினியே போனாள். உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

திரையை விலக்கினாள்.

பாவாடை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரை உப்பு காய்ந்து வெளுத்திருந்தது. பக்கத்தில் ஒரு டிபன் பாக்ஸ், திறக்கவே இல்லை.

"என்னாச்சுண்ணே?"

"ஒண்ணுமில்லம்மா. லேசா கிறுகிறுன்னு வந்துடுச்சு. தோ, நிறுத்திடறேன்."

"சாப்பிடலையா?"

"வெடிகாலைல நாலு மணிக்கு உப்பளத்துல எறங்கறேன். வேல முடிஞ்சு பஸ் புடிச்சு இங்க வர மூணாயிடுது. அப்புறம் ஏழு மணி வரைக்கும் இந்த எடத்த வுட்டு நகர முடியாது. நீங்க பின் இல்லாம உருட்டறீங்களே, அந்தப் பத்து நிமிஷத்துலதான் ரெண்டு வாய் சாப்பிடுவேன். எச்சக் கையோட பந்தத் தொட வேணாம்னு ஜான்சியம்மாவே வந்து எடுத்துட்டுப் போவும். இன்னிக்கு என்னமோ புது ரூலாம்."

வினோதினி டிபன் பாக்ஸை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஏண்ணே, மேனேஜர்கிட்ட சொல்லலாம்ல?"

"அய்யய்யோ, வேற ஆளப் போட்டுடுவாரும்மா. யார்கிட்டயும் சொல்லாதன்னு ஜான்சியம்மாகிட்ட நாந்தான் சத்தியம் வாங்கியிருக்கேன்."

வினோதினி கீழே கிடந்த பின்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி நிறுத்த ஆரம்பித்தாள்.

"நீங்க சாப்பிடுங்கண்ணே. நான் பாத்துக்கறேன்."

பாவாடை டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

"பிராக்டீஸ் கெட்டுப்போவுதே, உங்க ஆளுங்க கோச்சிக்க மாட்டாங்களான்னு அன்னிக்கே கேட்டேன். 'எங்க பழைய கேப்டன் வினோதினிக்கா பெரிய மனசு பண்ணி விட்டுக் குடுத்திருக்காங்க'ன்னு ஜான்சியம்மா சொல்லிச்சு. அது நீங்கதானேம்மா? நல்லா இருக்கணும் நீங்க!"