குயிலண்ணன் பாடிய டிஸ்கோ

குயிலண்ணன் பாடினால் தோப்பில் இலைகூட அசையாது. அப்படி ஒரு பேர் அவருக்கு. ஆனால் இந்தப் பங்குனியில் கூட்டம் மொத்தமும் மரங்கொத்தி நடத்தும் டிஸ்கோவுக்குப் போய்விட்டது. அது பட்டமரத்தில் தாளம் தட்ட, அணில்கள் குதித்துக் குதித்து ஆடின.

“இதென்ன பிரமாதம்! நானும் பாடுறேன்” என்று குயிலண்ணனும் அங்கே போய் அமர்ந்தார்.

“எங்க பாக்கியம் அண்ணே!” என்று மரங்கொத்தி தட்டத் தொடங்கியது.

“கொஞ்சம் நிறுத்து தம்பி. முதல்ல ஆலாபனை.”

தாளம் நின்றது. ஆடிய கால்களும் நின்றன. பெரியவர் பாடுகிறாரே என்று அணில்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தன. ஆலாபனை முடிந்து அவர் வேகமான பாட்டுக்கு வந்தார். மரங்கொத்தியும் விடாமல் தட்டியது. அப்போதும் ஒரு அணிலும் எழவில்லை. மரியாதையாகத் தலையை மட்டும் ஆட்டின.

பாட்டு முடிந்ததும் பலத்த கைதட்டல். குயிலண்ணனுக்கு ஏனோ அது இனிக்கவில்லை. ஒதுங்கிப் போய் ஓரமாக உட்கார்ந்தார். மரங்கொத்தி மறுபடி தட்டியதும் அணில்கள் துள்ளி எழுந்தன.

ஆடிக் களைத்த அணில் ஒன்று மூச்சிரைக்க அவரிடம் வந்தது. “அருமையா பாடினீங்க அண்ணே!”

“நான் பாடினப்போ உனக்கு இப்படி மூச்சு வாங்கலையேப்பா” என்றார் குயிலண்ணன்.