கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால்

மூக்குக் கண்ணாடிக் கடையின் நடுவே ஒரு பெண் முழங்காலை மடக்கிக் குனிந்து நிற்கிறாள். நாளைக்குக் கடற்கரை வாலிபால் இறுதி ஆட்டம். போன ஆட்டத்தில் வெயில் கண்ணில் அடித்துப் பந்தைக் கோட்டை விட்டாளாம். அவள் தலையை உதறியபோது நழுவிய கறுப்புக் கண்ணாடிகளெல்லாம் மேசையில் குவிந்து கிடக்கின்றன. கண்ணாடிக் கடைக்கு வந்து தன் முகத்தைப் பார்த்துக்கொள்ளாத ஒருத்தியை இப்போதுதான் பார்க்கிறேன். இப்போது போட்டிருப்பது அசையவில்லை. விளக்கு வெளிச்சம் அதன்மேல் வழுக்கி ஓடுகிறது. "எந்தப் பக்கம் அடிக்கப் போறேன், சொல்லுங்க," என்கிறாள் கடைக்காரரிடம். அவர் உற்றுப் பார்த்து, "வலது," என்கிறார். எம்பிக் குதிக்கிறாள், கை இடது பக்கக் காற்றை அறைகிறது, அலமாரிக் கதவுகள் அதிர்கின்றன. மறுபடி கேட்கிறாள், மறுபடியும் தப்பு. "கண்ணே தெரியலையேம்மா, எப்படிச் சொல்றது?" என்று தலையைச் சொறிகிறார். அவளுக்குப் பின்னால் ஸ்டூலில் அவளுடைய அண்ணி உட்கார்ந்து செருப்பிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். ஆட்டத்தில் ஜோடியும் அவள்தான். "இந்தத் தடவை அடிக்க மாட்டா. லேசாத் தட்டி விடுவா," என்கிறாள். நாத்தனார் எழும்புகிறாள், கையை ஓங்குகிறாள், கடைக்காரர் பயந்து பின்வாங்குகிறார். கடைசிக் கணத்தில் விரல்நுனிகள் மட்டும் காற்றைப் பூப்போலத் தொட்டு இறங்குகின்றன. "உங்களுக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சுது?" என்கிறார் அண்ணியிடம். அண்ணி மற்றச் செருப்பைக் கையில் எடுக்கிறாள். "கண்ணுக்குத்தானே கண்ணாடி போட்டிருக்கா, முதுகுக்குமா போட்டிருக்கா? இதையே பில் போடுங்க."