துணைக்கு ஓர் அல்லி

வெளிநாட்டுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், கொல்லையில் தானே வெட்டிய சின்னக் குட்டையில் தவசிமுத்து அல்லிக் கிழங்கை ஊன்றினான். மிதந்து வந்துவிடாமல் மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு, மனைவி மரகதத்திடம் சொன்னான்: "பகல்ல ஒனக்கு மில்லு இருக்கு. ராத்திரிதான் தனியா கெடப்ப. அல்லி ராத்திரிலதான் பூக்கும் புள்ள, தொணைக்கு இருக்கும்."

மரகதம் வேலை முடிந்து வரும்போதெல்லாம் மொட்டு, இறுக்கிப் போட்ட முடிச்சு மாதிரியே நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சி வெயிலில்தான் அது விரிந்து கிடப்பதைப் பார்த்தாள். அல்லி என்று பேர் வைத்துக்கொண்டு பகலில் பூக்கிற பூ! பொழுது சாய்வதற்குள் இதழ்களை ஒவ்வொன்றாய் உள்ளே இழுத்துக்கொண்டது.

அன்று இருட்டியதும் அவன் போன் செய்தான். "பூத்துச்சா?"

"ம். பூத்திருக்குங்க."

"வீடியோவப் போட்டுக் காட்டு, பாப்பம்."

அவள் தயங்கித் தயங்கிப் போய்த் தண்ணீருக்கு நேரே போனைப் பிடித்தாள். கொல்லை விளக்கு வெளிச்சத்தில் மூடிய மொட்டு நன்றாகவே தெரிந்தது. திரையில் அவன் முகம் கிட்டே வந்தது.

"நல்லாத்தான் பூத்திருக்கு" என்றான் அவன். "அப்படியே பிடிச்சிக்கிட்டு இரு புள்ள."