பழைய பதிப்புக்கான வரிகள்

பிளோவ்திவ் நகர மென்பொருள் சோதனையாளர் யோர்தாங்கா, 2019 பிப்ரவரியில் மதிய உணவின்போது எனக்குச் சொன்ன கதை இது; ஊருக்கு ஊர் இதன் வடிவம் மாறும்.

அவருடைய அலுவலகத்தில் மென்பொருளுக்கான கையேட்டைக் கணினியே தொகுக்கும். அதற்கு உதவும் லைப்ரரி எனும் துணைநிரலின் புதிய பதிப்பில் மட்டுமன்றி, மிகப் பழைய பதிப்பிலும் கையேடு பிசகின்றித் தொகுபட வேண்டும் என்பது குழுத்தலைவர் கிரஸ்தானின் கட்டளை. பிசகச் செய்தவரின் நாற்காலியில், மணிகள் கட்டிய ஆட்டு முகமூடி கேலிக்காக மாலைவரை தொங்கும்.

அன்று, புதிதாகச் சேர்ந்திருந்த சோர்னிட்சாவின் தகுதிகாண் காலம் முடியும் நாள். வேலை போனால் மலையூருக்கே திரும்ப வேண்டும்.

தன் திறமையைக் காட்ட விரும்பிய அவள், காலையில் பழைய பதிப்புக்கென்றே இருந்த நிரல் வரிகளைத் தேவையற்றவை என்று நீக்கினாள். அந்தப் பதிப்பில் கையேடு தொகுபடுகிறதா என்று பார்க்கும் தானியங்கிச் சோதனையையும் நிறுத்தினாள்.

“சுத்தமா தூக்கிட்டியா?” என்றான் பக்கத்து இருக்கை மில்கோ. “கிரஸ்தான் கெழவருக்குத் தெரிஞ்சா உன்ன அடுப்புல வெச்சிடுவாரு.”

“நீதானே சொன்ன, அந்தக் குப்பைய எவன் வெச்சிருக்கான்னு?”

“சொன்னேன். நான் தூக்கலியே!”

அவள் திரும்பவும் சேர்த்துவிடலாமா என்று விசைப்பலகையில் கை வைத்தாள்.

கண்ணாடி அறைக்குள் கிரஸ்தானின் தொலைபேசி அடித்தது. அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கதவைத் திறந்தார்.

“சோர்னிட்சா, உள்ள வாம்மா.”

மில்கோ முகமூடியின் மணியைச் சுண்டினான். அவள் எழுந்து உள்ளே போனாள்.

“கதவச் சாத்து. பழைய வரிகள எடுத்தது நீயா?”

“ஆமா,” என்றாள். “யாரும் அத உபயோகிக்கிறதில்லன்னு...”

“மாதான்ங்கிற ஊர்லேருந்து ஒரு பொண்ணு பேசினா. இங்க வேலைக்கு மனு போட்டிருக்கா. நம்ம வேலைத் தேர்வு தெரியும்ல? மனு போடறவங்க கையேட்டத் தங்களுக்குக் கிடைக்கிற கணினியில தொகுத்து, ஒரு பக்கம் சேர்த்து அனுப்பணும். காலையிலேருந்து தொகுபடவே இல்லையாம். ‘நான்தான் ஏதோ தப்பு பண்ணிட்டேன், இன்னிக்குத்தான் கடைசி நாள்’னு அழறா.”

வாடிக்கையாளர் புகார் இல்லை, தன் தலை தப்பியது என்று அவளுக்குத் தோன்றியது.

“புதுப் பதிப்பைப் போட்டுக்கச் சொல்லலாமே?”

“அவ உக்காந்திருக்கறது ஊர் வாசகசாலைக் கணினியில. புதுசு அதுல ஏறாது.”

“இந்தக் காலத்துல போய் இவ்வளவு பழசையா வெச்சிருப்பாங்க?”

கிரஸ்தான் கோபிக்கவில்லை. அதுவே அவளை மேலும் அச்சுறுத்தியது.

“நீ மனு போட்டப்ப, உங்க ஊர் வாசகசாலையில எந்தப் பதிப்பு இருந்துச்சு?”

சோர்னிட்சா தான் மனு போட்ட நாளை நினைத்துப் பார்த்தாள். அன்று முதல் முயற்சியிலேயே கையேடு தொகுபட்டுவிட்டதால், பதிப்பு எதுவென்று பார்க்கும் தேவையே அவளுக்கு வந்ததில்லை.

யோர்தாங்கா கதையை இத்துடன் நிறுத்திவிட்டார். வார்னாவில் இருவர் சொன்ன வடிவத்தில் சோர்னிட்சாவுக்கு வேலை போகிறது. சோபியாவில் சொல்லப்படும் வடிவத்தில் வேலை நிலைக்கிறது. அதில் அவள் வரிகளைத் திரும்பச் சேர்த்து, முகமூடியைத் தானே தன் நாற்காலியில் மாட்டிக்கொண்டு, மாதான் பெண்ணுக்குத் தொலைபேசியில் சொல்கிறாள்:

“அழாத. தப்பு உன் மேல இல்ல. இப்ப மறுபடி தொகுத்துப் பாரு.”