கட்டிலுக்கு ஓர் உடும்பு

"இடுப்பு ரெண்டா ஒடியுது நொலீன். உட்காரச் சொல்லாத, எழுந்திரிக்க முடியாது. உடும்பைக் காட்டு."

மிர்க்கோ ஒரு கையால் இடுப்பைத் தாங்கியபடி தகரக் கொட்டகைக்குள் நுழைந்தான். ஓப்பல் ரத்தினக்கல் சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் குனிந்து வெட்டிய இடுப்பு அது. போதாததற்குப் பதினொரு மாதமாகத் தன் சொந்த வீட்டில் சமையலறைத் தரையில் படுக்கிறான்.

கட்டிலில் அவனுடைய பழைய சுரங்கக் கூட்டாளி டெஸ் படுக்கிறான்.

நொலீன் பாம்பும் உடும்பும் வளர்த்து விற்கிறவள். டெஸ் விஷயம் ஊருக்கே தெரியும். அவளுக்கும் தெரியும்.

"ரெண்டு வாரம்னு சொல்லித்தானே வந்தான்?"

"முட்டி வலின்னான். பாவம்னு கட்டிலைக் குடுத்தேன். இப்ப முட்டி நல்லாயிருச்சு. வெள்ளிக்கிழமை தவறாம கிளப்புல போய் டான்ஸ் ஆடிட்டு வர்றான்."

"கிளம்புடான்னு வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"அது முடியாது."

"ஏன் முடியாது?"

"முடியாதுன்னா முடியாது. அவனா போகணும். சின்ன பல்லியைக் கண்டாலே நாற்காலி மேல ஏறி நிக்கிற ஆளு அவன். அதுக்குத்தான் வந்திருக்கேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். நொலீன் கண்ணாடி போட்டுப் படித்தாள்.

"அடப்பாவி! பெரிய உடும்பு வளர்க்கவே லைசென்ஸ் வாங்கிட்டியா?"

"நாலு மாசம் அலைஞ்சேன்."

முதல் கண்ணாடிப் பெட்டியில் முழங்கை நீளத்துக்கு ஒரு முள்வால் உடும்பு, விளக்குச் சூட்டில் வயிற்றைப் பரப்பிக் கிடந்தது.

"புதுசா வளர்க்கிறவங்களுக்கு இதான் சரி. கையில ஏறி உட்கார்ந்து பூச்சி தின்னும். தங்கமான குணம்."

"வேண்டாம். ஒரே வாரத்துல டெஸ் இதுக்குப் பேரு வச்சிருவான். நெஞ்சு மேல போட்டுக்கிட்டு கிரிக்கெட் பார்ப்பான். அப்புறம் கட்டில்ல ரெண்டு பேரு."

அடுத்த பெட்டியில் மண்தான் தெரிந்தது.

"மணல் உடும்பு. உள்ள இருக்கு. நாள் பூரா தோண்டிக்கிட்டே இருக்கும்."

"நானும் நாள் பூரா தோண்டிட்டுத்தான் வீட்டுக்கு வர்றேன். அங்கயும் ஒருத்தன் தோண்டுறதைப் பார்க்கணுமா?"

நொலீன் சிரித்துவிட்டாள். "எப்படித்தான் வேணும், சொல்லித் தொலை."

"நாறணும். சீறணும். பார்த்த உடனே மனுஷன் மூட்டையைக் கட்டணும்."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு அவனைக் கொல்லைப்புறக் கம்பிக் கூண்டுக்கு அழைத்துப் போனாள். மஞ்சள் பட்டை போட்ட மர உடும்பு, மூக்கிலிருந்து வால்நுனி வரை ஒன்றரை மீட்டர். இவர்களைக் கண்டதும் தொண்டையை உப்பிக்கொண்டு சீறியது. வால் கம்பியில் சாட்டையாக விழுந்தது. அழுகிய இறைச்சி நாற்றம் கண்ணைக் கரித்தது.

"வாங்கிட்டுப் போன ரெண்டு பேரும் திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டாங்க. ஒருத்தனுக்கு விரல்ல ஏழு தையல்."

"இதான் என் பிள்ளை," என்றான் மிர்க்கோ.

வீட்டுக்குப் போனபோது டெஸ் கட்டிலில் மல்லாந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். தொப்பை மேல் பீர் டின். மிர்க்கோ சாக்குப் பையை அறை நடுவில் வைத்துக் கட்டை அவிழ்த்தான்.

"டெஸ், இனிமே இவனும் நம்மகூடத்தான்."

உடும்பு வெளியே வந்தது. டிவியில் கூட்டம் கத்தியதில் மிரண்டு அறையை ஒரு சுற்று சுற்றியது. மிரண்ட மர உடும்பு, எது உயரமாக நிற்கிறதோ அதன் மேல் ஏறும். டெஸ் படுத்திருந்தான். உயரமாக நின்றது மிர்க்கோதான்.

முட்டி, தொடை, முதுகு, தலை. நகம் நகமாக ஏறி உச்சியில் உட்கார்ந்து, பிடிமானத்துக்கு அவன் இடது காதைக் கவ்விக்கொண்டது.

"காது! ஐயோ, காது!"

டெஸ் சுண்ணாம்பாக வெளுத்துப் போனான். நாற்காலியைப் பார்த்தான். ஆனால் ஏறவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு கட்டிலிலிருந்து பாய்ந்து, ஒரு கையால் உடும்பின் கழுத்தைப் பிடித்து, மறு கையிலிருந்த பீரை அதன் வாயில் ஊற்றினான். முக்கால் டின் காலியானதும் உடும்பு தும்மிக்கொண்டே பிடியை விட்டது. அதைக் குளியலறைக்குள் வீசிக் கதவைச் சாத்திவிட்டு வந்து மிர்க்கோவின் காதில் துண்டைச் சுற்றினான்.

"நாளைக்குக் காலையில கிளம்பறதா இருந்தேன்டா. எங்க அக்கா அவ வீட்ல ஒரு ரூம் ஒழிச்சு வச்சிருக்கா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் படுத்து யோசிச்சிட்டிருந்தேன்." கிளம்புவதற்காகக் கட்டிலோரம் கட்டி வைத்திருந்த பெட்டியைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினான். "உன்னை இந்த நிலைமையில விட்டுட்டுப் போக முடியுமா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன். நீ போ," என்றான் மிர்க்கோ, அவசரமாக.

"அன்னைக்கும் இதையேதான் சொன்ன. சுரங்கத்துக் கூரை இடிஞ்சு கழுத்து வரைக்கும் மண்ணு, அப்பவும் 'நல்லாத்தான் இருக்கேன், நீ போ'ன்ன. ஒன்பது மணி நேரம் வெறுங்கையால தோண்டி உன்னை வெளிய எடுத்தேன். அப்பவே போகாதவன் இப்பவா போவேன்?"

முடிச்சை இறுக்கிவிட்டு டெஸ் மறுபடி கட்டிலில் சாய்ந்தான்.

மிர்க்கோ சமையலறைத் தரையில் மெல்லச் சரிந்தான். இதுவரை அவன் டெஸ்ஸுக்குப் பட்ட கடன் ஓர் உயிர். இன்றிலிருந்து ஓர் உயிரும் ஒரு காதும்.