பிரிக்காத கடைசிப் பக்கங்கள்

துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் கார் அசையாமல் நிற்கிறது. இருபுறமும் உப்பு அம்பாரங்களில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கரிக்கிறது. ஜெபசெல்வியின் மடியில் அந்தப் பழைய மர்ம நாவல். இப்படியொரு முடிவை எவனும் எழுதியதில்லை என்று கல்யாணமான நாள்முதல் கணவன் ஜாபேஸ் பீற்றிக்கொண்டிருக்கும் புத்தகம், நேற்றுத்தான் பரணில் அகப்பட்டது. கதையில் துப்பறிகிறவன் தூத்துக்குடிக் கடற்கரைக்கு வந்ததும், காலில் இடறிய முதல் சிப்பியைத் திறந்து நெல்லிக்காய்ப் பருமனில் முத்து எடுக்கிறான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. “இதையா இத்தன வருசமா தலையில தூக்கி வச்சு ஆடுனிய?” “கடைசி வரைக்கும் படிளா. முடிவுலதான் விஷயமே இருக்கு,” என்கிறான் ஜாபேஸ், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல். முன்னால் ஒரு லாரியின் ஏர்பிரேக் சீறுகிறது. அவள் வெடுக்கென்று தாளைப் புரட்டுகிறாள். கடைசி அத்தியாயத்தின் தாள்கள் அச்சகத்தில் மடித்தபடியே விளிம்பில் ஒட்டிக் கிடக்கின்றன. இன்றுவரை யாரும் கத்தி வைத்துப் பிரிக்கவேயில்லை. முதல் பக்கத்தில் அவன் கையெழுத்து. அவள் அவனைத் திரும்பிப் பார்க்கிறாள். அவன் காதுமடல் சிவக்கிறது. சேலையிலிருந்து ஊக்கைக் கழற்றி, மடிப்பு மடிப்பாகக் கிழிக்கிறாள். அந்தச் சத்தம் மூடிய காருக்குள் பெரிதாகக் கேட்கிறது. படித்து முடிக்கிறாள். ஆரம்பத்திலேயே அவள் சந்தேகப்பட்ட அதே சமையல்காரன்தான் கொலைகாரன். லாரிகள் நகரத் தொடங்குகின்றன. ஜாபேஸ் கியரைப் போடாமல், சாலையைப் பார்த்தபடியே குரலைத் தாழ்த்திக் கேட்கிறான். “யாருளா கொன்னது?” ஜெபசெல்வி புத்தகத்தை மூடி, சீட்டில் போட்டு, அதன்மேல் அழுத்தி உட்கார்ந்துகொள்கிறாள்.