சிட்னிக்குப் போன மாவடு

“மறுபடியும் ஊறுகாயாம்மா?”

தபால் ஆபீஸ் கவுண்டருக்கு உள்ளே இருந்த குப்புராஜ் முகர்ந்தே கண்டுபிடித்துவிட்டார். பார்சல் என்னவோ ஒழுங்காகத்தான் இருந்தது. வெள்ளைத் துணியில் நெருக்கமாகத் தையல், தையல் மேலே வரிசையாக அரக்கு. வாசனைக்கு யார் அரக்கு வைப்பது?

“மாவடு சார். மறைக்கலை. ஃபாரத்துலயும் மாவடுன்னே எழுதியிருக்கேன்” என்றார் லோகநாயகி.

சேலையூர் காலனியில் தனியாக இருக்கும் அம்மாள். வீட்டுக்காரர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. ஒரே பிள்ளை கஸ்தூரிரங்கனுக்கு சிட்னியில் கம்ப்யூட்டர் வேலை.

குப்புராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றரை வருஷத்தில் இது நாலாவது பார்சல். முதலில் மணத்தக்காளி வத்தல் போயிற்று, அப்புறம் நாரத்தங்காய், அதற்கப்புறம் வேப்பம்பூ. மூன்றையும் அந்த ஊர் கஸ்டம்ஸ்காரர்கள் பிடித்து எரித்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் இந்த அம்மாளே வந்து, “எரிச்சுட்டாளாம் சார், பையன் எழுதியிருக்கான்” என்று சொல்வார். சொன்ன கையோடு அடுத்த பார்சலுக்கு ஃபாரம் கேட்பார்.

“படிச்சவங்கதானே நீங்க? எத்தினி வாட்டி சொல்றது? அந்த ஊர்ல காய், விதை, பூ எதையும் உள்ள விட மாட்டான். பூச்சி வந்துடுமாம். பிரிச்சுப் பார்த்து எடுத்து வெச்சுகினு, உங்க பையனுக்கு நோட்டீஸ் அனுப்புவான். அவரு இருக்கிற வேலைய விட்டுட்டு, எரிச்சுடுங்கன்னு எழுதிக் குடுக்கணும். அவருக்கு எவ்ளோ பேஜாரு?”

“தெரியும் சார்.”

“தெரிஞ்சேவா?”

லோகநாயகி பார்சலை இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்த்தினார். பின்னால் நின்றவர் மணியார்டர் ஃபாரத்தால் விசிறிக்கொண்டே, “சில பேருக்கு மண்டையில ஏறாது சார். நமக்கு டைம் ஆவுது” என்றார்.

குப்புராஜ் எரிந்து விழுவாரே தவிர, கல்மனசுக்காரர் இல்லை. வடு பொறுக்கி, கழுவி, உப்புப் போட்டு, தினம் குலுக்கி வைத்ததெல்லாம் எங்கேயோ ஒரு தேசத்தில் நெருப்பில் போவதை நினைத்தால் அவருக்கே வயிறு எரிந்தது. பார்சலைத் திருப்பித் தள்ளினார்.

“இத நான் வாங்க மாட்டேன்மா. ஒண்ணு பண்ணுங்க. எதிர்க்கடையில நல்ல சட்டை ஒண்ணு வாங்கினு வாங்க. அத அனுப்பலாம். நானே தச்சுத் தர்றேன். போய்ச் சேரலேன்னா என்னைக் கேளுங்க.”

“மாவடுவே இருக்கட்டுமே சார். பிடிச்சுண்டா பிடிச்சுக்கட்டும்.”

“சும்மா விட்டுகினே இருப்பானா? ஒரு நாளைக்கு அபராதம் போடுவான். மாட்டப் போறது உங்க பையன்தான்.”

அந்த வார்த்தை வேலை செய்தது. அம்மாள் எதிரே போய் ஒரு நீலச் சட்டை வாங்கி வந்தார். குப்புராஜ் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து தைத்து, அரக்கு வைத்து, அக்னாலட்ஜ்மென்ட் கார்டும் இணைத்து அனுப்பினார். பார்சலுக்குள் இருந்த மாவடு பாட்டிலைத் திரும்பத் தூக்கிக்கொண்டு போக அம்மாளுக்கு மனசில்லை. கவுண்டரிலேயே வைத்துவிட்டுப் போனார். அந்த மாவடு ஒரு மாசத்துக்குத் தபால் ஆபீசின் தயிர்சாதத்துக்கெல்லாம் ஈடு கொடுத்தது. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு குப்புராஜும் தொட்டுக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து லோகநாயகி வந்தார்.

“போய்ச் சேர்ந்துடுத்து சார்” என்று கார்டை நீட்டினார். சிட்னி முத்திரை, பக்கத்தில் பிள்ளையின் கையெழுத்து.

குப்புராஜ் அதைப் பக்கத்து சீட்டுக்காரர்களுக்கெல்லாம் காட்டிவிட்டு வந்தார். “பாத்தீங்களா? நான் சொன்னத மொதல்லயே கேட்டிருந்தா மூணு பார்சல் வீணாப் போயிருக்குமா?”

“உங்களுக்கு ரொம்ப சிரமம் கொடுத்துட்டேன்” என்றவர், பையிலிருந்து ஒரு பார்சலை எடுத்து வைத்தார். கவுண்டர் முழுக்க மாவடு மணத்தது.

குப்புராஜின் முகம் விழுந்துவிட்டது.

“இன்னாம்மா இது? சட்டை புடிக்கலைன்னு எழுதிட்டாரா?”

“எழுதலை சார்.”

“புடிச்சிருக்குன்னு எழுதினாரா?”

“ஒண்ணுமே எழுதலை. ரெண்டு மாசமா தபால்காரர் வர நேரத்துக்கு வாசல்லயே நிக்கறேன். இந்தக் கையெழுத்து மட்டுந்தான் வந்தது.”

“பூத்துலேர்ந்து ஒரு போன் போட வேண்டியதுதானே?”

“பண்ணினேன். மீட்டிங்ல இருக்கேன், அப்பறம் பேசறேன்னு வெச்சுட்டான். அதுவும் போன மாசம்.”

லோகநாயகி கார்டை எடுத்துப் பத்திரமாகப் பைக்குள் வைத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

“அவா பார்சலைப் பிடிச்சு வெச்சு நோட்டீஸ் அனுப்பினாத்தான் சார் அவனுக்குக் கோபம் வரும். கோபம் வந்தா ரெண்டு பக்கத்துக்கு லெட்டர் போடுவான். உனக்கு அறிவே கிடையாதா, எத்தனை தடவை சொல்றதுன்னு. அபராதம் போட்டா நானே கட்டிடறேன்னு அவனுக்கு எழுதிட்டேன்.”

குப்புராஜ் தையல் மேலிருந்த அரக்கைத் தடவிப் பார்த்தார். பிறகு பார்சலை எடுத்துத் தராசில் வைத்தார்.

“திட்டு வாங்கறதுக்கா இம்மாம் பாடு படறீங்க?”

லோகநாயகி சிரித்தார்.

“திட்டறதுக்கு முன்னாடி, ‘அன்புள்ள அம்மா’ன்னு எழுதித்தானே சார் ஆகணும்?”